ஒரே வேனில் வந்தவர்கள்

மண்ணூர்பேட்டை ராஜகுமாரியை ஏமாற்ற வேண்டுமானால் கோழி கூவுமுன் எழுந்து தயாராக வேண்டும். அப்படியும் நடக்காது என்பது வேறு விஷயம். பால் பாக்கெட்டை அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவாள். காஸ் சிலிண்டரை எடை போட்டுக் காட்டச் சொல்லுவாள். போட்டுக் காட்டினால் அந்தத் தராசு மேலேயே சந்தேகப்படுவாள். அரிசி ஒரு கடை, பருப்பு வேறொரு கடை, எண்ணெய் மூன்றாவது கடை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கினால் கடைக்காரனுக்குத் துளிர்விட்டுப் போகும் என்பது அவள் கட்சி. தெருவில் யாராவது சிரித்துப் பேசிவிட்டால், ‘இவன் எதுக்கு சிரிச்சான்?’ என்று வீடு வந்து சேரும்வரை யோசிப்பாள்.

பிறவிக் குணமில்லை இது, தொழில் கொடுத்த குணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில், கேட்டில் நிற்கிற வேலை அவளுக்கு. ஷிப்ட் முடிந்து போகிற பெண்களின் பையைத் திறந்து, இடுப்பைத் தடவி, கொண்டையைக் குத்திப் பார்த்து அனுப்ப வேண்டும். சாம்பார் டப்பாவுக்குள் பிளாஸ்டிக் கவர் சுற்றிய பட்டன், செருப்புக்கு அடியில் மடித்த லேபிள் என்று எல்லாம் பார்த்த கண். ‘ஸ்கேன் அக்கா’ என்று பின்னால் பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். யார் வைத்தது என்பதும் தெரியும்.

புருஷன் சம்பத் நேர் எதிர். லேத் பட்டறையில் வேலை. பித்தளையைக் கொடுத்துத் தங்கம் என்றால், ‘ரொம்ப தேங்க்ஸ்பா’ என்று வாங்கிக்கொள்கிற மனுஷன். “உனக்கும் சேத்து நான்தான்யா சந்தேகப்பட வேண்டி கீது” என்று அவள் அலுத்துக்கொள்வாள். அவர் அதற்கும் ஆமாம் என்று தலையாட்டுவார்.

அவர்களுக்கு ஒரே பெண், அகல்யா. வயது இருபத்துநாலு. மூளை வளர்ச்சி கொஞ்சம் மட்டு என்று சின்ன வயதிலேயே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பேச்சு நன்றாக வரும், பிடிவாதம் அதைவிட நன்றாக வரும். கண்ணாடி வளையல் என்றால் உயிர். கத்தரிக்காய் என்றால் தட்டே நகர்ந்துவிடும். கணக்கு மட்டும் ஏறவில்லை. ரூபாய் நோட்டில் எண் தெரியாது, நிறம்தான் தெரியும். ஐந்நூறைக் காட்டினால் ‘சாம்பல்’ என்பாள், நூறைக் காட்டினால் ‘ஊதா’ என்பாள்.

ராஜகுமாரிக்கு நெஞ்சில் கிடந்த கவலை ஒன்றே ஒன்றுதான். நானும் இந்த மனுஷனும் போய்விட்டால் இந்தப் பெண்ணுக்கு யார்? பிறத்தியார் பையைத் தடவும்போதும் அதே நினைப்பு, பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதே நினைப்பு. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பெற்றவர்களுக்குப் பிறகு இன்னார்தான் காப்பாளர் என்று எழுதிவைக்க வழி இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யார் பெயரை எழுதுவது என்பதில்தான் அவள் வருஷக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அதிலும் பாருங்கள், இத்தனை பேரைச் சந்தேகப்பட்டவள் ஓர் இடத்துக்கு மட்டும் செக்கிங் வைக்கவில்லை. அது அவள் பிறந்த வீடு. வெள்ளானூரில் அண்ணன் அய்யாசாமி, தம்பி கிருபாகரன், அண்ணன் மகன் வினோத் என்று மூன்று ஆண்கள். பயிர் வைத்த குடும்பம். இப்போது அண்ணனும் மகனும் மனை புரோக்கர் வேலை, தம்பி ஆவடியில் காண்ட்ராக்ட் டூட்டி. மூன்று பேரும் வரும்போதெல்லாம் அகல்யாவுக்கு சாக்லேட் வாங்கி வருவார்கள், தலையைத் தடவுவார்கள், “நாங்க கீறோம்ல? இவள அப்பிடியே வுட்டுடுவோமா?” என்பார்கள். மூன்று பேரும் எழுத்துப் பிசகாமல் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள். கேட்டில் மூன்று பெண்கள் ஒரே மாதிரி பதில் சொல்லியிருந்தால் மூன்று பேரையும் ஓரமாக நிற்க வைத்திருப்பாள். இங்கே அவளுக்குக் கண் கலங்கியது. ஒருத்தர் கைவிட்டால் இன்னொருத்தர், அவரும் விட்டால் மூன்றாவது ஆள் இருக்கிறாரே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

வெள்ளானூர் நிலத்தை வீடு கட்டுகிறவர்களிடம் கொடுத்தபோது ராஜகுமாரிக்கும் ஒரு பங்கு வந்தது. அது அகல்யாவுடைய பணம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பாதியைத் தபால் ஆபீஸில் போட்டாள். மீதி கொஞ்சமாவது வளரவேண்டுமே! மாடி போர்ஷனில் குடியிருந்த பவ்யாவைக் கேட்டாள். பவ்யா கரூர்ப் பக்கத்துப் பெண். எஸ்டேட்டில் பழைய பாக்டரி இருந்த இடத்தில் எழும்பிய ஐ.டி. கட்டடத்தில் வேலை.

“இ.டி.எஃப்.னு ஒண்ணு இருக்கு ஆன்ட்டி,” என்றாள் பவ்யா. “பெரிய கம்பெனி ஐம்பதோட பங்கைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து ஒரு கூடையில போட்டு வெச்சிருப்பாங்க. அந்தக் கூடையில உங்களுக்கு ஒரு துண்டு. பங்குச் சந்தையிலயே வாங்கலாம், விக்கலாம். அதுல ஒண்ணு வாங்குங்க, தங்கத்து மேல இருக்கற இ.டி.எஃப். ஒண்ணு வாங்குங்க. போதும்.”

“உனக்கு இதுல இன்னா கமிஷன்?”

“ஐயோ, ஒரு பைசா கிடையாது ஆன்ட்டி!”

அந்த ‘ஐயோ’வில்தான் ராஜகுமாரியின் சந்தேகம் வலுத்தது. கையும் களவுமாக மாட்டுகிற பெண்களும் ‘ஐயோ அக்கா’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒன்று போதும் என்று ஒருத்தி சொல்கிறாள் என்றால் அந்த ஒன்றில் ஏதோ இருக்கிறது! ஆகவே ராஜகுமாரி தன் வழக்கப்படி அரிசிக்கு ஒரு கடை, பருப்புக்கு ஒரு கடை என்று போனாள். ஐந்து வெவ்வேறு நிறுவனங்கள் நடத்துகிற ஐந்து இ.டி.எஃப். வாங்கினாள். எவன் ஓடினாலும் மீதி நாலு பேர் இருப்பான்களே! அதில் மூன்று, அதே ஐம்பது கம்பெனிகளின் கூடை. நாலாவது, அந்த ஐம்பதையும் உள்ளே வைத்துக்கொண்ட நூறு கம்பெனிக் கூடை. ஐந்தாவது பேங்குகளின் கூடை.

“கூடை ஒண்ணுதான் ஆன்ட்டி, கூடை விக்கறவங்க பேருதான் வேற வேற,” என்று பவ்யா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள். ராஜகுமாரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கத்தில் மட்டும் பவ்யாவின் மனசு கோணாமல் இருக்கக் கொஞ்சம் போட்டாள்.

வாங்கிய கொஞ்ச நாளில் பட்ஜெட் வந்தது. தங்கத்தின் சுங்கவரியைக் குறைத்தார்கள். பவ்யா சொல்லி வாங்கிய தங்கம் தொபக்கென்று விழுந்தது. ராஜகுமாரி வாங்கிய ஐந்தும் ஏறிக்கொண்டிருந்தன. டீ நேரத்தில் போனைத் திறந்தால் ஐந்தும் பச்சை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தியா? நீ சொன்னது பள்ளத்துல கீது. நான் பொறுக்கனது அஞ்சும் மேல போவுது,” என்று மாடிப்படியில் நின்று பவ்யாவைச் சீண்டினாள். அந்தத் தங்கத்தை விற்றுத் தொலைக்கலாம் என்றுகூட நினைத்தாள். எல்லோரும் சிரிக்கிற வீட்டில் ஒருத்தி மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் யாருக்குப் பிடிக்கும்?

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் பொரி கொடுத்த சமயத்தில் சந்தை சரிய ஆரம்பித்தது. ஒருநாள் மத்தியானம் கேட் ஓரம் நின்று போனைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஐந்தும் சிவப்பு. அதிலும் முதல் மூன்றும் விழுந்திருந்த அளவு, புள்ளிக்குப் பின்னால் வருகிற எண் வரைக்கும் ஒன்றாக இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் மூன்றும் சேர்ந்து கொஞ்சம் ஏறின, நாலாவதும் கூடவே ஏறியது. மூன்று திருடர்கள் மூன்று வீட்டில் ஒரே நேரத்தில், ஒரே சாமானைத் திருடினால் அதற்குப் பெயர் தற்செயலா?

அன்று சாயங்காலம் யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் மாடி ஏறினாள்.

“அஞ்சு பேரும் கூட்டு!” என்றாள் வாசலிலேயே. “ஒரே ரூம்ல உக்காந்து பேசி வெச்சிகினு பண்றானுங்க. இன்னிக்கு நீ இவ்ளோ எறக்கு, நானும் இவ்ளோ எறக்கறேன்னு. எம்பொண்ணு துட்டுல வெளையாடறானுங்கம்மா. எங்க போய் கம்ப்ளெய்ன்ட் குடுக்கணும், சொல்லு.”

பவ்யாவுக்குச் சிரிப்பு வந்தது. ராஜகுமாரியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு, லேப்டாப்பைத் திறந்தாள்.

“இதுக்குப் பேரு கோரிலேஷன் ஆன்ட்டி. நான் தமிழ் மீடியம். எங்க பிளஸ் டூ புத்தகத்துல ஒட்டுறவுன்னு போட்டிருக்கும். எது என்ன விலைன்னு பாக்கக் கூடாது. மாசா மாசம் ஒவ்வொண்ணும் எத்தனை சதவீதம் ஏறுச்சு, இறங்குச்சுன்னு எடுத்து, ரெண்டு ரெண்டா பக்கத்துல வெச்சுப் பாக்கணும். ரெண்டும் எப்பவும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினா அந்த எண் ஒண்ணு. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தமே இல்லைன்னா பூஜ்யம். ஒண்ணு ஏறும்போதெல்லாம் இன்னொண்ணு இறங்கினா மைனஸ்.”

பல வருஷத்துக் கணக்கை ஏற்றி ஒரு கட்டம் போட்டுக் காட்டினாள். ராஜகுமாரியின் முதல் நாலும் ஒன்றை ஒட்டியே நின்றன. பேங்குக் கூடை ஓரடி தள்ளி, ஆனாலும் கைக்கெட்டும் தூரத்தில். தங்கம் மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது.

“யாரும் கூட்டுச் சேரலை ஆன்ட்டி. உள்ள இருக்கற சரக்கு ஒண்ணு. அதான் சேர்ந்தே விழுது. நீங்க அஞ்சு வாங்கலை. ஒண்ணையே அஞ்சு தடவை வாங்கியிருக்கீங்க.”

ராஜகுமாரி கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“அட! ஒரே வேனா!”

பவ்யாவுக்குப் புரியவில்லை. ராஜகுமாரி சொன்னாள். கம்பெனிக்குத் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வருகிறது. ஐந்து ஊர்ப் பெண்கள் அதில் ஏறுகிறார்கள். ரயில்வே கேட் போட்டால் ஐந்து பேரும் ஒன்றாக லேட். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஐந்து பேரும் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று குதித்தார். “அஞ்சு ஊருதான் சார், ஆனா வேன் ஒண்ணு” என்று இவள்தான் எடுத்துச் சொன்னாள். ஜெபா என்று ஒருத்தி கொரட்டூரிலிருந்து சைக்கிளில் வருவாள். மழை பெய்தால் அவள் லேட். ஆனால் வேன் மாட்டிக்கொண்ட நாளில் ஜெபா வந்து மிஷினில் உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு லைன் ஓடுவதே அவளால்தான்.

“அப்ப இந்தத் தங்கம் ஜெபாவா?”

“கரெக்ட் ஆன்ட்டி!” என்று பவ்யா கைதட்டினாள். உடனே நிறுத்திக்கொண்டு, “ஆனா இதையும் முழுசா நம்பிடாதீங்க,” என்றாள். “இது போன வருஷங்களோட கணக்கு. நாளைக்கும் இப்படியே இருக்கும்னு யாரும் எழுதித் தரலை. ரோட்டையே மறிச்சுட்டா வேனும் வராது, சைக்கிளும் வராது.”

ராஜகுமாரி அவளை முதல் தடவையாக நல்ல கண்ணால் பார்த்தாள். ‘என்னை நம்பு’ என்று சொன்ன ஆட்களைத்தான் அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள். ‘முழுசா நம்பாதே’ என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். கீழே இறங்கும்போது, இந்தப் பெண்ணுக்குக் கமிஷன் இல்லைதான் போலிருக்கிறது என்று முக்கால்வாசி நம்பினாள்.

தை பிறந்ததும் வினோத் வந்தான். கையில் சாக்லேட், பாக்கெட்டில் ஒரு வரைபடம்.

“அத்த, வெள்ளானூர்ல லேஅவுட் போடறேன். அந்தப் பேப்பர் பணத்தெல்லாம் எடுத்து இதுல போடு. அகல்யா பேர்லயே ஒரு பங்கு எழுதிடலாம். நாளைக்கு உனக்கப்புறம் நாங்கதானே பாத்துக்கப்போறோம்? பணமும் எங்ககிட்டயே இருந்தா நல்லதுதானே.”

பழைய ராஜகுமாரியாக இருந்தால் அங்கேயே தலையாட்டியிருப்பாள். பிறந்த வீட்டுப் பிள்ளை கேட்கிறதே! ஆனால் மனசில் அந்தக் கட்டம் கிடந்தது.

“வேற யாரெல்லாம் போட்டுகீறாங்க?”

“எல்லாருந்தான் அத்த!” என்று அவன் நெஞ்சை நிமிர்த்தினான். “அப்பா இருந்ததெல்லாம் போட்டாரு. சித்தப்பா லோன் எடுத்துப் போட்டாரு. நம்ம மொத்தக் குடும்பமும் இதுலதான்.”

“அப்ப வேணாம்பா,” என்றாள். “எல்லாரும் ஏறன வேன்ல எம்பொண்ணையும் ஏத்த மாட்டேன். அவளுக்குன்னு ஒண்ணு தனியா இருக்கட்டும்.”

வினோத்துக்கு வேன் கதை விளங்கவில்லை. மறுப்பு விளங்கியது. சிரிப்பு போய்விட்டது. “எங்க மேலயே சந்தேகமா அத்த?” என்று கேட்டுவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் பைக்கை உதைத்தான். சாக்லேட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனான்.

மாசியில் அகல்யாவுக்குப் பிறந்தநாள். வருஷா வருஷம் வெள்ளானூர் மூன்று குடும்பமும் கேக்கோடு வந்து இறங்கும். அகல்யா புதுச் சுடிதாரும் கை நிறைய வளையலுமாக மத்தியானத்திலிருந்தே கேட்டுக்கு வெளியே நின்றாள். ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். “மாமா வருவாங்க. கிரீம் கேக்கு,” என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

யாரும் வரவில்லை. ராஜகுமாரி அண்ணனுக்குப் போன் போட்டாள். “முட்டி வலிம்மா,” என்றார். தம்பிக்குப் போட்டாள். “டூட்டி மாத்திட்டாங்கக்கா,” என்றான். வினோத் எடுக்கவே இல்லை. மூன்று போன், ஒரே பதில். மூன்று பேரும் ஒரே நாளில் விழுந்துவிட்டார்கள்.

ராஜகுமாரிக்கு வயிறு எரிந்தது. பணத்துக்காக இல்லை. வாசலில் நிற்கிற பெண்ணைப் பார்த்து எரிந்தது. ஒருத்தர் விட்டால் இன்னொருத்தர் என்று நினைத்தாளே, எங்கே இன்னொருத்தர்? இருந்தது ஒரே ஆள், மூன்று பெயர். “எல்லாம் ஒரே குட்டைல ஊறன மட்டைங்க!” என்று கத்தினாள். சம்பத் பயந்துபோய்க் கடைக்குக் கேக் வாங்க ஓடினார்.

கேக் வெட்ட வந்த பவ்யாவிடமும் சொல்லி ஆற்றிக்கொண்டாள். “இங்கயும் அதே கட்டந்தாம்மா. மூணும் ஒண்ணு.”

“ஒரு நாளை வெச்சு அப்படிச் சொல்ல முடியாது ஆன்ட்டி,” என்றாள் அந்தப் பெண் தயங்கிக்கொண்டே. “நிறைய நாளைப் பாக்கணும். அப்பதான் நம்பலாம்.”

நிறைய நாளை என்றால்? ராஜகுமாரி கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். சம்பத்தின் பழைய பட்டறையை இழுத்து மூடிய வருஷம்: அண்ணனுக்குப் பணமுடை, தம்பிக்கும் பணமுடை. அன்றைக்கு அரிசி மூட்டையைத் தூக்கி வந்து வாசலில் தொப்பென்று போட்டது யார்? அவளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பிறந்த வீட்டு மூன்று குடும்பமும் மேல்மலையனூருக்கு வேன் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அப்போது அகல்யாவைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டது யார்? இந்த வீட்டுப் புதுமனை புகுவிழாவில் எல்லோரும் பல்லைக் காட்டியபோது, ‘படிக்கட்டு சரியில்ல, இந்தப் பொண்ணு உருண்டு வுழுவா’ என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் போனது யார்?

எல்லாம் ஒரே ஆள். சம்பத்தின் அக்கா எல்லம்மா. பஸ் ஸ்டாப் பக்கத்தில் எஸ்டேட் ஆட்களுக்கு டிபன் கடை போட்டிருக்கிறவள். ராஜகுமாரி அவளோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. டெங்கு தெளிந்து மகளை அழைத்துவரப் போனபோது, அகல்யா குழாயடியில் குந்திக்கொண்டு தான் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். “எம்பொண்ண வேலக்காரி ஆக்கிட்டியா? அது ஒரு பச்சப்புள்ளடி!” என்று நடுத்தெருவில் சண்டை. எல்லம்மாவும் சும்மா இருக்கவில்லை. அரிசி மூட்டை மறந்துபோனது, தட்டு மட்டும் நெஞ்சில் நின்றுவிட்டது.

“வா, அத்த வூட்டுக்குப் போலாம்,” என்றாள் ராஜகுமாரி. அகல்யா செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பினாள்.

எல்லம்மா மறுநாளைக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“இன்னா, வழி தப்பி வந்துட்டியா?”

“அண்ணி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.” ராஜகுமாரி அவள் பக்கத்தில் குந்தினாள். “எனக்கும் உன் தம்பிக்கும் அப்புறம் அகல்யாவ நீதான் பாத்துக்கணும். உன் பேரத்தான் எழுதப்போறேன்.”

“ஏன், உங்க அண்ணன் தம்பிங்க கீறாங்களே?”

“அவங்க ஏறனா எல்லாரும் ஏறுவாங்க, எறங்கனா எல்லாரும் எறங்குவாங்க. நீதான் யார்கூடயும் சேர மாட்ட.”

இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்வதா திட்டாக எடுத்துக்கொள்வதா என்று எல்லம்மா ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“ஊரு ஒலகத்தையே சந்தேகப்படறவ, இதுல கோட்ட வுட்டுட்டியேடி! எனக்கு உன்னவிட பத்து வயசு மூப்பு. நீ செத்தப்பறம் நான் இன்னா குந்திகினு இருப்பனா? எனக்கு முன்னாடி போறதா முடிவு பண்ணிட்டியா?”

அந்தச் சாதாரணக் கணக்கு ராஜகுமாரிக்குத் தோன்றவே இல்லை.

“நான் பாத்துக்கறேன்னு வாயால சொல்லிட்டுப் போயிடலாம். அதத்தானே உங்க அண்ணன் சொன்னாரு?” எல்லம்மாவின் குரல் ஏறியது. “யாருனா பாத்துக்குவாங்களான்னு ஊரெல்லாம் தேடறியே, அவ இன்னா பாத்துப்பான்னு ஒரு நாளு பாத்தியாடி நீ? சாக்லேட் குடுத்தவனெல்லாம் நல்லவன், தட்டக் கழுவச் சொன்னவ ராட்சசியா?”

ராஜகுமாரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினாள்.

“காலைல அவள கடைக்கு அனுப்பு,” என்றாள் எல்லம்மா. “சும்மா இல்ல, கூலி குடுப்பேன். ஆனா ஒண்ணு. நீ வந்து நிக்கக் கூடாது. நின்னா, அப்பவே உன் பொண்ண கூட்டிகினு போயிடு.”

அகல்யா போக ஆரம்பித்தாள். ராஜகுமாரி ஒரே மாதிரி இருந்த மூன்று கூடைகளில் இரண்டை விற்றுக் கொஞ்சத்தைத் தங்கத்திலும் கொஞ்சத்தைப் பேங்க் டெபாசிட்டிலும் போட்டாள். அந்த வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்தது. மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பதுதான் முடியவில்லை. சந்தேகம் பிடுங்கித் தின்றது. கூலி கொடுக்கிறாளோ, இல்லை ஓசியில் வேலை வாங்குகிறாளோ? அடுப்புப் பக்கம் விடுகிறாளோ? எவனாவது பாவம் என்று சொல்லிக்கொண்டு கையைத் தடவுகிறானோ? நிற்கக் கூடாது என்று ஒருத்தி சொன்னால் அங்கே ஏதோ மறைக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

சித்திரை வரைக்கும் பொறுத்தாள். ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவள் எஸ்டேட் பக்கம் திரும்பாமல், டிபன் கடைக்கு எதிரே நிறுத்தியிருந்த லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கடையில் நல்ல கூட்டம். எல்லம்மா ஒரு பக்கம் உட்கார்ந்து காசு வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் டோக்கன் கொடுத்தாள். நீலம் இட்லிக்கு, சிவப்பு பொங்கலுக்கு, மஞ்சள் வடைக்கு. அந்தப் பக்கம், தலையில் துணி கட்டிக்கொண்டு அகல்யா. டோக்கனை வாங்குவாள், நிறத்தைப் பார்ப்பாள், தட்டில் வைத்துக் கொடுப்பாள். எண் ஒன்றும் தேவைப்படவில்லை. கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருத்தன், “அப்புறமா டோக்கன் தர்றேம்மா, முதல்ல பொங்கலைப் போடு, டைம் ஆச்சு,” என்று சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினான். அகல்யா கரண்டியைப் பாத்திரத்தின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அவன் சிரிப்பு அவளிடம் எடுபடவில்லை. கடைசியில் போய் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் வந்தான்.

ராஜகுமாரிக்கு என்ன ஆயிற்றோ, லாரியை விட்டு வெளியே வந்துவிட்டாள். எல்லம்மா அவளைப் பார்த்தாள். வாயைத் திறந்தவள், என்ன நினைத்தாளோ, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ராஜகுமாரி நேரே மகளிடம் போனாள்.

“டோக்கன்?” என்றாள் அகல்யா.

“நாந்தான்டி, அம்மா.”

“தெரியுது. டோக்கன் எங்க?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராஜகுமாரி திரும்பிப் போய் எல்லம்மாவிடம் காசை நீட்டினாள். எல்லம்மா ஒரு நீல டோக்கனைக் கொடுத்தாள். அகல்யா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒருமுறை அம்மாவின் முகத்தையும் சந்தேகமாகப் பார்த்தாள். அப்புறம்தான் டப்பாவில் போட்டாள். அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று ராஜகுமாரிக்குத் தெரியாதா? கம்பெனி கேட்டில் தினம் தினம் அவள் பார்க்கிற பார்வை.

நின்றபடியே இட்லியைச் சாப்பிட்டாள். கண்ணில் வந்ததைச் சட்னியின் காரம் என்று துடைத்துக்கொண்டாள்.

“தட்டத் தொட்டில போடு,” என்றாள் அகல்யா, அடுத்த ஆளின் டோக்கனை வாங்கிக்கொண்டே. “அங்க.”

ராஜகுமாரி தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டாள். இரண்டடி நடந்தாள். பிறகு திரும்பி வந்து, அதை எடுத்துக் குழாயடியில் குந்திக் கழுவி வைத்துவிட்டு, வேலைக்குப் போனாள்.